பயம் தெளிந்தவன்

பாலூட்டிப் பிள்ளை வளர்த்தவளைப் பார்த்திருக்கிறோம், பழியை ஊட்டி வளர்த்தவளையும் இந்தச் சேதுச்சீமை பார்த்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துப் பிள்ளையைக் கொலைக்குத் தேற்றியவள் நெடுவலசை இராமலட்சுமி ஒருத்திதான். அது அவள் மகன் கூத்தையாவுக்கே ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரியவந்தது.

அவன் பல் விளக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தான். ஆத்தா சாணைக்கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே வேப்பங்கிளையில், மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண்கலயம் தொங்கியது. அதற்குள் அவன் தம்பி யோகேஸ்வரனின் எலும்பும் சாம்பலும் இருந்தன. எரித்த மூன்றாம் நாளே சேதுக்கரையில் கரைத்திருக்க வேண்டியது. பழி கழியாமல் அஸ்தி கரைக்கிறதில்லை என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். கரைக்காத வீட்டில் கல்யாணப் பந்தலும் கிடையாது, பொங்கலும் கிடையாது. முப்பத்திரண்டு வயதாகியும் கூத்தையாவுக்கு ஒருத்தன் பெண் கொடுக்க வரவில்லை.

விறகு வெட்டப் போகிறாளாக்கும் என்று நினைத்துக் கூத்தையா தானே வெட்டித் தருவதாகச் சொன்னான். அவள் அருவாள் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"உன் தம்பிய வெட்டுன வேல்ராசு திருப்பூர்ல இருந்து வந்துட்டானாம்லே. தரவைக்காட்டுல கரிமூட்டம் போட்டுக்கிட்டு ஒத்தையில கெடக்கான். போயி முடிச்சுட்டு வா."

கூத்தையாவுக்கு முதலில் விளங்கவில்லை. என்ன ஆத்தா சொல்றே என்று கேட்டான்.

"நீ இப்ப பயந்த பிள்ளையா? மூணு வருசமா எதுக்கு உன்னைய ராம்நாட்டுக்கு இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்? பயந்தான் போச்சுல்ல."

அடப் பாவி மனுசி! மூன்று வருசமாகப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததும், ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவன் விழுங்கும்வரை நின்று பார்த்ததும் இதற்குத்தானா? ஊரே பயந்தாங்கொள்ளி என்றபோது நம் ஆத்தா ஒருத்திதான் நம்மைக் கைவிடவில்லை என்று அவன் பெருமைப்பட்டுக் கிடந்தானே. கிடாயை வெட்டுமுன் தழை வைத்து வளர்ப்பார்கள். இவள் அருவாளுக்கே தழை வைத்து வளர்த்திருக்கிறாள்.

யோகேஸ்வரன் செத்த கதை சின்னக் கதைதான். கண்மாய் வற்றி மீன் பிடிக்கிற அன்று, வேல்ராஜ் வலையைத் தன் பக்கம் இழுத்துவிட்டான் என்று யோகேஸ்வரன் ஊர் பார்க்க அவனைச் செருப்பால் அடித்தான். யோகேஸ்வரனுக்கு வாய்க்கு முன்னால் கை முந்தும், சின்னதிலிருந்தே அப்படித்தான். மறுநாள் அண்ணனும் தம்பியும் ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்தார்கள். வேல்ராஜ் பைக்கை நிறுத்தாமலே வந்து குதித்தான். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. இரண்டாவதைத் தடுக்கக் கையை உயர்த்தினான் யோகேஸ்வரன். விரல்கள் வடைத் தட்டுக்குள் விழுந்தன. பாய்லர் சாய்ந்து, கொதிக்கிற பால் தரையில் ஓடி ரத்தத்தோடு கலந்தது. "அண்ணே" என்று அவன் கூப்பிட்டான். அந்த அண்ணன் அப்போது பெஞ்சுக்கு அடியில் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக் கிடந்தான். வேல்ராஜ் வெட்டுவதை நிறுத்தும்வரை அவன் வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் வந்தது அந்த நோக்காடு. பால் பொங்குகிற வாடை பட்டால் போதும், நெஞ்சு தறிகெட்டு அடிக்கும், கைவிரல் மரத்துப்போகும், தொண்டையை யாரோ நெரிப்பதுபோல மூச்சு முட்டும். இதோ செத்தோம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும். மாரடைப்பு என்று ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், சேவலை அறுத்து அந்த ரத்தத்தை நெற்றியில் அப்பினார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் அவன் அங்கேயே விழுந்தான். பாம்பன் கருவாடு ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டிப் பிழைத்தவன், ஒருநாள் பாலத்து நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான். பின்னால் வந்த லாரிக்காரன்கள் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார்கள்.

கோர்ட்டில்தான் மானம் முழுசாகப் போயிற்று. டீக்கடைக்காரன் நான் பால் வாங்கப் போயிருந்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். மிச்சமிருந்த ஒரே சாட்சி கூத்தையா. கூண்டில் ஏறினான், எதிரே வேல்ராஜைப் பார்த்தான், அவ்வளவுதான். மூச்சு முட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியவன், கூண்டை விட்டிறங்கி வாசலுக்கு ஓடிவிட்டான். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வேல்ராஜ் விடுதலையாகிச் சிரித்துக்கொண்டே படியிறங்கி, திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? யோகேஸ்வரனை வேல்ராஜ் ஒரு தடவை கொன்றான், அவன் அண்ணன் இன்னொரு தடவை கொன்றான் என்று பங்காளிகள் பேசினார்கள். சின்னவன் செத்த அன்றும் இராமலட்சுமி அழவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, கூத்தையாவைக் கையைப் பிடித்து ராமநாதபுரத்தில் மனநல டாக்டர் லாமியாவிடம் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

லாமியா கீழக்கரைக்காரி, சின்ன வயசு, வளவளவென்று பேசமாட்டாள். இது பேயுமில்லை, இதயக்கோளாறுமில்லை, பதற்ற நோய் என்றாள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், முதலில் பதற்றம் கொஞ்சம் கூடுதலாகக்கூடத் தெரியும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, சர்க்கரைக்காரன் மாத்திரை தின்பதுபோல இதையும் நெடுநாள் தின்ன வேண்டியிருக்கும் என்று சொன்னாள். அதோடு விடவில்லை. எதைக் கண்டு ஓடுகிறானோ அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகச் சொன்னாள். முதலில் வீட்டில் பால் காய்ச்சுகிற அடுப்பங்கரை, பிறகு டீக்கடை இருக்கிற ரோடு, பிறகு அந்தப் பெஞ்சு, கடைசியில் பாலம்.

"உச்சத்துல ஓடுனீங்கன்னா பயம் ஜெயிச்சுரும். ஓடாம நில்லுங்க, தானா இறங்கும். இறங்குன பெறகு போறதா இருக்குறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க, பயம் முடிவு பண்ணக் கூடாது."

ஆத்தாவுக்கும் பாடம் இருந்தது. பயப்படாதே, ஆம்பளைதானே என்றெல்லாம் சொல்லக் கூடாதாம். இது வரும், போகும், நான் இங்கேதான் இருக்கிறேன், இது மட்டும் சொன்னால் போதுமாம். எழுதப் படிக்கத் தெரியாத இராமலட்சுமி அதைத் திருவாசகம்போல மனப்பாடம் செய்துகொண்டாள். குட்டியானையில் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பாலத்தில் அவன் கை ஸ்டியரிங்கில் வெடவெடக்கும்போதெல்லாம், "வரும், போகும், ஆத்தா இங்கனதான் இருக்கேன்" என்று கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல் தடவை பாலத்தைக் கடந்து பாம்பனில் இறங்கி அவன் வாந்தியெடுத்தான், அவள் முதுகைத் தடவிவிட்டாள். பிறகு வாந்தி நின்றது. பிறகு அவள் கூட வரவேண்டிய தேவையும் நின்றது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடித்துவிட்டு வந்த அன்று அவள் அவனுக்குத் திருஷ்டி கழித்தாள்.

போன வாரம் லாமியாவைப் பார்த்தபோது, இனி இவன் எதற்கும் பயப்பட மாட்டான்தானே என்று ஆத்தா கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு, பயமே இல்லாத மனுசன் ஏது, பயம் வந்தாலும் சமாளித்துக்கொள்வான், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாள். இராமலட்சுமி தனக்கு வேண்டியதை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அவள் அருவாளைத் திண்டில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரும் இரண்டு மாத்திரையும் கொண்டுவந்தாள்.

"ரெண்டா போட்டுக்க, அப்பு. கை நடுங்காது."

சேவல்கட்டுக்குப் போகிற சேவலுக்கு முட்டையைக் கரைத்து ஊற்றுகிறவன் மாதிரி நிற்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இது சாராயமில்லை ஆத்தா, போட்டதும் ஏறுவதற்கு என்று சொல்லி மாத்திரையை அவள் கையிலேயே வைத்தான். அருவாளை எடுத்துச் சாக்கில் சுற்றினான்.

எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பொய் சொல்வானேன், அவனுக்கும் ஆசை இருந்தது. விரலில்லாத கையோடு தம்பி கூப்பிட்ட குரல் அவன் காதில் இருந்தது. கோர்ட்டுப் படியில் வேல்ராஜ் சிரித்த சிரிப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தத் தடவை வெட்டாமல் வந்தால் அது பயத்தால்தான் என்று ஊர் சொல்லும், ஆத்தா சொல்வாள், அவனே அவனுக்குச் சொல்லிக்கொள்வான். அதைத் தாங்க அவனிடம் மாத்திரை இல்லை.

தரவைக்காடு என்கிற அந்தப் பொட்டலில் கருவேல மரத்தைத் தவிர வேறு நிழல் கிடையாது. வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே தீ வைத்த கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வேல்ராஜ் கடப்பாரையால் மூட்டத்தின் வாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், கூத்தையா கையில் சாக்கு அவிழ்வதைப் பார்த்தான்.

அப்போது வந்தது. புகை வாடையா, வெயிலில் மின்னிய அருவாள் விளிம்பா, எது கிளப்பியதோ, பழைய பயம் அப்படியே முழுசாக வந்தது. நெஞ்சு விலாவை உடைக்கிற மாதிரி அடித்தது. விரல்கள் மரத்தன. கண்ணோரம் இருண்டது. ஓடு, ஓடு என்று உடம்பு கத்தியது. கூடவே இன்னொன்றும் கத்தியது: வெட்டு, இப்போதே வெட்டு, வெட்டினால் இது நின்றுவிடும். இரண்டும் ஒரே பயத்தின் குரல்தான் என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தெரிந்தது. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரும், போகும். ஓடவுமில்லை, வெட்டவுமில்லை, நின்றான்.

வேல்ராஜுக்கு இந்தப் பாடமெல்லாம் தெரியுமா? அருவாளோடு ஒருத்தன் நின்றால் முந்திக்கொள்கிறவன்தான் பிழைப்பான் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். கடப்பாரையை ஓங்கிக்கொண்டு வந்தான். அடி கூத்தையாவின் இடது தோளில் விழுந்தது, எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. கீழே விழுந்தவன் புரண்டான். அடுத்த குத்து தலைக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கியது, கடப்பாரை முனை காதைக் கிழித்துக்கொண்டு போனது. கூத்தையா படுத்தபடியே காலால் வேல்ராஜின் முழங்காலை உதைத்தான். வேல்ராஜ் சூடான மூட்டத்தின் மேல் சரிந்து, மண் பூச்சு உடைந்து, கை கங்கில் பட்டு அலறினான். அந்த அலறல் அடங்குவதற்குள் கூத்தையா அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, முகத்தில் அருவாள் பிடியால் ஒரு குத்து விட்டான். மூக்கு உடைந்து ரத்தம் வாயில் ஓடியது. இன்னொரு குத்து. பல் ஒன்று தெறித்தது. அருவாளைத் திருப்பி விளிம்பைக் கழுத்தில் வைத்தான்.

வைத்தபோதும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவன் பொறுத்தான். கீழே கிடந்தவன் இருமினான், ரத்தம் துப்பினான், கும்பிடக் கையைத் தூக்கப் பார்த்தான், வெந்த கை எழவில்லை. எண்ணெய் போட்ட சக்கரம் மெல்ல நிற்பதுபோல நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விரல்களில் உணர்வு வந்தது. கண் தெளிந்தது. கூத்தையா தன் கையைப் பார்த்தான். அருவாள் ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. தடுக்க யாருமில்லை, பார்க்க யாருமில்லை, பயமும் இல்லை.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, இதைச் செய்ய அவனுக்கு இஷ்டமில்லை. இந்தக் கழுத்து அறுபட்டால் இவன் வீட்டு வேம்பிலும் ஒரு கலயம் தொங்கும், இவன் ஆத்தாளும் ஒருத்தனுக்குச் சோறு வைத்துத் தேற்றுவாள். சீ, போதும் என்றிருந்தது.

"பயந்துக்கிட்டு விடலை வேல்ராசு. அத மட்டும் நல்லா தெரிஞ்சுக்க."

எழுந்து, ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் முறிந்த தோள் உயிரை எடுத்தது. ஆத்தா வாசலில் நின்றிருந்தாள். சட்டை முழுக்க ரத்தத்தைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை அவன் சாகிறவரை மறக்கமாட்டான். முடிந்ததா என்று கேட்டாள். முடியவில்லை, முடிக்கவும் மாட்டேன், அவன் கழுத்தில் வைத்த அருவாளை நானாகத்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனான். வேப்பங்கிளையின் கயிற்றை அறுத்துக் கலயத்தை இறக்கினான்.

அவ்வளவுதான், இராமலட்சுமிக்கு ஆங்காரம் வந்தது. விளக்குமாற்றை எடுத்து முகத்தில் அடித்தாள். அது முறிந்ததும் விறகுக்கட்டையை எடுத்தாள். முறிந்த தோளிலேயே ஒரு அடி விழுந்தது, அவனுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. உன்னைப் பெத்த வயித்தில் பிரண்டையை வைத்துக் கட்ட, செத்தது நீயாக இருந்திருக்கக் கூடாதா என்று கத்தினாள். அக்கம்பக்கத்து ஜனம் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்ததே ஒழிய, ஒருத்தரும் வந்து பிடிக்கவில்லை. அவன் கையை ஓங்கவில்லை, ஓடவுமில்லை. கலயத்தை வண்டியின் சீட்டில் வைத்தான். கலயத்துக்குள் இருந்த பிள்ளையைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. வைதுகொண்டே மறுபக்கம் ஏறி, கலயத்தை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திருப்புல்லாணியைத் தாண்டிச் சேதுக்கரை போகிறவரை அவள் வாய் மூடவில்லை. பாலம் கடக்கப் பழகிய நாட்களில் உட்கார்ந்த அதே சீட்டு.

கரையில் தர்ப்பணம் கொடுக்க வந்த இரண்டு குடும்பம் நின்றது. ரத்தச் சட்டையோடு இறங்கியவனையும் கலயத்தோடு இழுபட்ட கிழவியையும் பார்த்து அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இடுப்பளவு தண்ணீர்வரை அவன் அவளை இழுத்துக்கொண்டு போனான். அவள் கலயத்தை விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தாள், பல் இறங்கி ரத்தம் வந்தது. ஒரு அலை இரண்டு பேரையும் புரட்டியது. கலயம் நழுவி அடியில் கிடந்த பாறையில் மோதி உடைந்தது. சாம்பல் ஒரு நிமிஷம் தண்ணீரில் கலங்கலாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மஞ்சள் துணி மட்டும் அவள் கையில் மிஞ்சியது.

இராமலட்சுமி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளிப் பார்த்தாள். வெறும் மணல்தான் வந்தது. அப்போது அவள் முகம் மாறியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்தது, விரல்கள் கோணிக்கொண்டன.

"ஏலே, மூச்சு முட்டுதுடா. நெஞ்சு வெடிக்குது. நான் செத்துருவேன்டா."

கூத்தையாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருசமும் அந்தக் கலயத்தைக் கட்டிக்கொண்டு இதை உள்ளே அழுத்தி வைத்திருந்தாளே என்று நினைத்தான். கோபமெல்லாம் எங்கே போனதோ, போய்விட்டது. நல்ல கையால் அவளைத் தாங்கிக் கரையோரம் முழங்கால் தண்ணீரில் உட்காரவைத்தான். அவள் எழுந்து ஓடப் பார்த்தாள், பிடித்துக்கொண்டான்.

"ஓடாத ஆத்தா. இது வரும், போகும். நான் இங்கனதான் இருக்கேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய வார்த்தை அவளுக்கே திரும்பி வந்தது தெரிந்ததோ என்னவோ, முறிந்த தோள் என்றுகூடப் பாராமல் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யோகேசு, யோகேசு என்று கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். வலி தாங்காமல் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். தர்ப்பணத்துக்கு வந்தவர்கள் ஆளனுப்பித் தண்ணீரும் துண்டும் கொடுத்தார்கள். அழுகை நிற்கிறவரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மாத்திரை தீர்ந்து ராமநாதபுரம் போன அன்று, தோளில் மாவுக்கட்டோடு நின்று கூத்தையா இரண்டு டோக்கன் வாங்கினான். இன்னொன்று யாருக்கு என்று கம்பவுண்டர் கேட்டதற்கு ஆத்தாவின் பேரைச் சொன்னான். எனக்கென்னடா கேடு, நான் என்ன பயந்தவளா என்று இராமலட்சுமி எல்லோர் முன்னாலும் அவனை வைதாள். வைதுகொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள், உள்ளே கூப்பிடுகிறவரை அவன் கையை விடவில்லை.